காளியப்பன் மாத்திரை சாப்பிட்ட கதை

காசநோய்ப் பிரிவில் களப்பணி என்றால் மாத்திரையைக் கொடுப்பதல்ல. அது நோயாளியின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று வண்டியில் மலையேறிப் போய்ப் பார்ப்பது. மருந்தைக் கட்டிலுக்கடியில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். எனக்கு வாய்த்தவர் மலைமேல் காவலூர் பக்கத்துக் காளியப்பன். சாமையும் புளியும்தான் பிழைப்பு. சளியில் கிருமி இருந்தது.

நிறம்

மாத்திரையில் இருக்கிற ஒரு மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் போனபோது, "தவறாம போட்டுக்கினு கீறேன் சார்" என்றார். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான். நம்ம ஒடம்புல சாயம் ஒட்டாது சார்."

அவர் மனைவி முனியம்மா கோழிக் கூடையைத் தூக்கிக் காட்டினார். அடியில் மாத்திரை அட்டைகள், பிரிக்காமல். காளியப்பன் அதையும் நிதானமாகத்தான் பார்த்தார்.

"கோயி எத்தினு போயி வெச்சிருக்கும் சார்."

தூங்குகிற கிருமி

அதன்பிறகு முனியம்மா எதிரே நின்று விழுங்க வைத்தார். காய்ச்சல் விட்டது, இருமல் அடங்கியது, சோறு இறங்கியது. உடனே, "அதான் நல்லாயிட்டேனே, இன்னும் இன்னாத்துக்கு?" என்று ஆரம்பித்தார்.

உட்கார்ந்து விளக்கினேன். ஒரு மருந்து கிருமியைச் சுவர் கட்ட விடாது. இன்னொன்று அது உயிர்வாழத் தேவையான சரக்கைத் தயாரிக்க விடாது. விழித்திருக்கிற கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஆனால் ஒரு பங்கு கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். அது எழுந்திருக்கும்போது மருந்து உடம்பில் இருக்க வேண்டும், அதற்குத்தான் ஆறு மாதம். பாதியில் விட்டால் மிச்சக் கிருமி மருந்துக்கே அசையாமல் போகலாம். காளியப்பன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"தூங்கறவன அடிக்கறது பாவமில்லையா சார்?"

எஸ்டேட்

அடுத்த முறை முனியம்மா மட்டும்தான் இருந்தார். ஊர் ஆட்களோடு காளியப்பன் காபி எஸ்டேட் வேலைக்குக் கர்நாடகா போய்விட்டார், மாத்திரை வீட்டில். இருமல் திரும்பினால் இதே மருந்து கேட்கும் என்று சொல்ல முடியாதம்மா என்றேன். முனியம்மா, பிள்ளையைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு ஆலங்காயம் பஸ் ஏறினார்.

அந்த வாரமே புருஷனோடு திரும்பி வந்தார். எப்படிம்மா சம்மதித்தார் என்று கேட்டேன்.

"அவருகிட்ட ஒண்ணும் பேசல சார். அத்தன பேரு முன்னாடி, 'டிபி மாத்திரய மறந்துட்டு வந்துட்டியே'ன்னு சத்தமா கேட்டேன். எஸ்டேட் மேஸ்திரியே பஸ் ஏத்தி வுட்டாரு."

ஸ்பிரே

சிகிச்சை முடிந்தது, சளியில் கிருமி இல்லை. ஆனால் நுரையீரலில் பழைய தழும்பு இருந்ததால் மேடு ஏறினால் இளைப்பு. டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சுகிற ஸ்பிரே கொடுத்தார். அது மூச்சுக்குழாயை இறுக்குகிற தசையைத் தளர்த்தி வழிவிடும். கொஞ்ச நாளில் காளியப்பன், அந்த மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லியனுப்பினார். போய், எனக்கு முன்னால் அடித்துக் காட்டச் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றினார், நெஞ்சின் மேல் இரண்டு முறை அடித்துத் தேய்த்துவிட்டார்.

"எளப்பு நெஞ்சுலதானே சார்? வாய் வழியா இன்னாத்துக்கு சுத்திக்கினு போவணும்?"

இந்த வேலையில் எனக்குப் பொறாமையெல்லாம் மருந்தின் மேல்தான்: அது கிருமியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.