கிணற்றைத் தூர்க்கும் முன்

என் வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்தபோது ஊர்க் கோயிலில் எங்களுக்கு மறுபடியும் மாலை மாற்றி வைத்தார்கள். சாப்பாடு, மொய், சொந்தக்காரர்களின் மனக்குறை எல்லாம் தீர்ந்த மறுநாள், என் மகன் ஒரு வேன் பிடித்து எங்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனான். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நின்றாலே தெரிகிற மலைதான். மழை வருமா வராதா என்று அதன் தலையைப் பார்த்துத்தான் சொல்லுவோம். இத்தனை வருஷம் பார்த்தேனே தவிர ஏறினதில்லை. வெள்ளிமலை போகிற வளைவுகளில் என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நான் ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தக் குணம் உண்டு. மூடிவைத்த பாத்திரம் இருந்தால் திறந்து பார்க்காமல் நகரமாட்டேன்.

அங்கே ஓர் அருவிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்ற மடுவின் கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். மலைக்காரப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அலம்பும்போது குடம் கை நழுவி மடுவின் நடுவுக்குப் போய்விட்டது. ஐயோ என்று கத்தியது நான்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவசரமே இல்லாமல் நீந்திப் போய்க் குடத்தைப் பிடித்து, அதைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். சந்தைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

நான் எழுந்து போய், “எப்படிம்மா தண்ணி உன்னத் தாங்குது?” என்று கேட்டேன்.

“ஏன், உனக்கு நீச்சல் தெரியாதா?” என்றாள். கேலி செய்யவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். எனக்குச் சோற்றுக் கையோடு கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

திரும்பி வரும்போது மகன் கேட்டான். “கடமையெல்லாம் முடிஞ்சிபோச்சி. இனிமே உனக்கு இன்னாம்மா ஆச? காசிக்கு டிக்கெட் போடட்டா?”

“நீச்சல் கத்துக்கணும்டா,” என்றேன்.

டிரைவர் உள்பட வேனில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு, “நான் கெணத்தையே தூத்துடலாம்னு இருக்கிறன். இவளுக்கு இப்பதான் நீச்சல் கேக்குது,” என்றார்.

கிணற்றைத் தூர்க்கிற பேச்சு புதிதல்ல. போர் போட்ட பிறகு அந்தக் கிணற்றை யாரும் சீந்துவதில்லை. கரும்புக் கொல்லையின் மூலையில், சுற்றுச்சுவர் இல்லாமல், தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பேத்தி ஓடியாட ஆரம்பித்திருந்தாள். அவருக்கு அந்தப் பயம். நியாயமான பயம்தான், குறை சொல்லமாட்டேன். கரும்பு வெட்டு முடிந்ததும் ஏரி மண் அடித்து மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அக்கம்பக்கத்தில் நான் இறங்கக்கூடிய படி வைத்த கிணறு வேறு கிடையாது. ஆகவே வெட்டுக்குள் கற்றுக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் என் ஆசைக்கும் சேர்த்துத்தான் மண் விழும்.

முதலில் விவரம் தெரிந்துகொள்ளலாம் என்று எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து கரணம் போட்டுக் குதிப்பவர். கல்யாணமான புதிதில் நானே பார்த்திருக்கிறேன். முட்டிவலி வந்த பிறகு விட்டுவிட்டார். “தண்ணி எப்படிங்க தாங்குது?” என்றால், “கையக் கால ஆட்டுனா தானா மெதக்கும். இதுல இன்னா எப்படி?” என்றார். மகன் கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவன் ஒரு சொம்பையும் எவர்சில்வர் குண்டானையும் வைத்து அரைமணி நேரம் விளக்கினான். எனக்கு நன்றாகவே புரிந்தது. உடம்புக்குத்தான் புரியவில்லை. நீந்தத் தெரிந்த ஒருவருக்கும் அது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த நாட்களில் கரும்புக்குச் சோகை உரிக்கப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த தோகையைக் கழித்துக்கொண்டே போகிற வேலை, வாய்க்கு வேலையில்லை. வேனில் என்னைக் கேட்ட கேள்வியை நான் அவர்களைக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அடைத்து வைத்த மடையைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. களமருதூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, “ஓட்டல்ல தனியா உக்காந்து சாப்புடணும்கா. நடுவுல ஒருத்தனும் தண்ணி கொண்டான்னு கூப்புடக்கூடாது,” என்றாள். இன்னொருத்திக்குப் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், இறங்காமல் அதே பஸ்சில் திரும்பி வர வேண்டும். அங்கே போய் என்ன செய்வாய் என்றேன். “ஒண்ணியும் செய்ய வாணாம்னுதான் எறங்கலேன்றன்,” என்றாள். ஒரே ஒருத்தி மட்டும், சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். பொழுது சாயும் வரைக்கும் நச்சரித்தேன், சொல்லவே இல்லை. இன்றைக்கும் அவளை வழியில் பார்த்தால் அது என்னவாக இருக்கும் என்று எனக்கு அரிக்கிறது.

எனக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகள், தலையைத் தூக்காமல், “நான் கத்துத் தரன் அத்த,” என்றாள். அவள் மணலூர்பேட்டைக்காரி. பெண்ணையாற்றில் தண்ணீர் வருகிறபோதெல்லாம் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தி வளர்ந்தவளாம். எங்கள் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“ஏன்டி சொல்லல?”

“நீங்க யாரும் கேக்கலியே அத்த.”

இந்த வீட்டில் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தவள் நான். இவளைத் திறந்து பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாளோ என்று ஆசையாகவும் இருந்தது.

புடவையோடு இறங்கக்கூடாது, காலைச் சுற்றிக்கொள்ளும் என்று சொல்லித் தன்னுடைய பழைய சுடிதார் ஒன்றைக் கொடுத்தாள். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, யார் கண்ணிலும் படக்கூடாது என்று விறுவிறுவென்று கிணற்றுக்கு நடந்தேன். பேத்தியைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்த மருமகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றை நோக்கி வேகமாக நடந்தால் ஊர் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் வைத்திருக்கிறது. அதிலும் முந்தின நாள் எனக்கும் மருமகளுக்கும் குழம்பில் உப்பு விஷயமாகக் கொஞ்சம் சத்தமாகியிருந்தது, அது தெருவுக்கும் கேட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் படியில் உட்கார்ந்து மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறோம், மேலே பார்த்தால் கிணற்றைச் சுற்றித் தலைகள். பக்கத்துக் கொல்லைக்காரர் தாம்புக்கயிறோடு நின்றுகொண்டு, “வாணாம்மா! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்! ஏறி வாங்க!” என்று கத்தினார்.

“நீச்சல் கத்துக்குறம்ணா,” என்றாள் மருமகள்.

ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் உண்மையைச் சொல்லச் சொல்ல, பாவம் புத்தி கலங்கிவிட்டது என்று ஒரு பெண் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். அப்போது டீக்கடையிலிருந்து யாருடைய பைக்கிலோ ஏறி என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஒரு காலில் செருப்பில்லை. எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம்தான் வாயைத் திறந்தார். “ஊரே சிரிக்குது.”

“அழாம சிரிக்குதே, நல்லதுதான்,” என்றேன்.

அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்போதே ஏரியில் மண் எடுக்கிற டிப்பர்காரனைக் கூப்பிட்டு, வெட்டு முடியட்டும், முதல் லோடு எனக்குத்தான் என்று சொல்லி வைத்தார். நான் மறுநாளும் இறங்கினேன். ஊருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது.

மருமகள் முதுகில் இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கட்டிவிட்டாள். தரையில் எனக்கு முன்னால் நின்று பேச யோசிப்பவள், தண்ணீரில் என்னை விரட்டு விரட்டென்று விரட்டினாள். “கழுத்த இறுக்காதீங்க. தண்ணியோட சண்ட போடாதீங்க அத்த, அது உங்க மாமியார் இல்ல.” எனக்குச் சிரிப்பு வந்து தண்ணீரைக் குடித்தேன். குடித்தால் என்ன ருசி, காதுக்குள் போனால் என்ன சத்தம், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் கை ஏன் இன்னொருத்தருடைய கை மாதிரி தெரிகிறது என்று நான் கவனிக்க நிறைய இருந்தது. மேல் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் காலடித் தண்ணீர் சில்லென்றும் இருப்பதை நான் யாரிடமும் கேட்காமல் நானாகக் கண்டுபிடித்தேன்.

இரண்டு கேன் ஒரு கேன் ஆனது. பிறகு அதையும் அவிழ்த்து, கையில் பிடித்துக்கொண்டு காலை அடித்தேன். அதோடு நின்றுபோனது. கேனை விடு என்றால் விரல் விடவில்லை. மனசு விடச் சொல்லும், விரல் மாட்டேன் என்னும். இதற்குள் கரும்பு வெட்ட ஆள் இறங்கிவிட்டார்கள். தினமும் கொல்லை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. காசிக்குப் போகாமல் இருந்துவிடுவேன், இதை விட்டுவிட்டு இருக்க முடியாது என்று தோன்றியது.

வெட்டு முடிந்த இரண்டாம் நாள் காலையில் நாங்கள் தண்ணீரில் இருக்கும்போதே டிப்பர் வந்துவிட்டது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவன் காலையிலேயே வந்திருக்கிறான். வண்டி பின்னால் வருகிற கீச்சுச் சத்தமும், ‘வா, வா, வா’ என்று என் வீட்டுக்காரர் கைகாட்டுகிற குரலும் கேட்டன. பிறகு அவர் தலை மேலே தெரிந்தது.

“அய்யய்யோ, ஏறுங்க ரெண்டு பேரும்! வண்டி நிக்குது.”

நான் கேனைப் பிடித்துக்கொண்டு நட்டநடுவில் இருந்தேன். அவர் தலைக்குப் பக்கத்தில் டிரைவரின் தலையும் எட்டிப் பார்த்தது. சுடிதாரோடு, நனைந்த கோழி மாதிரி நான். ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு நாள் வந்து இறங்க இங்கே கிணறு இருக்காது. கோபம் வந்தது. அந்த மலைமேல் வந்த அதே கோபம், இப்போது அது என் மேல்தான் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரில் துணி துவைத்திருக்கிறேன், மாடு கழுவியிருக்கிறேன், ஒருநாள் இறங்கிப் பார்த்தேனா?

கேனை விட்டேன்.

உள்ளே போனேன். மூக்கெல்லாம் எரிந்தது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எங்கேயோ மருமகள், “கழுத்து, கழுத்து!” என்று கத்துவது கேட்டது. கழுத்தைத் தளர்த்தினேன். தண்ணீர் என்னை மேலே கொண்டுவந்து விட்டது. அதற்கப்புறம் நான் செய்ததை நீச்சல் என்று யாராவது சொன்னால் அது அவர்கள் பெருந்தன்மை. நாய் நீந்துகிற மாதிரி கையையும் காலையும் போட்டு அடித்து, எதிர்ப்பக்கத்துக் கல்லைப் பிடித்தேன். பாசியில் கை வழுக்கியது. மறுபடியும் பிடித்தேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“திரும்பி வாங்க அத்த!” என்றாள் மருமகள். திரும்பியும் வந்தேன்.

மேலே என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கீழ சில்லுனு இருக்குதா?” என்று கேட்டார்.

“முழங்காலுக்குக் கீழ சில்லுனு இருக்குது. மேல வெதுவெதுன்னு இருக்குது.”

“இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும்,” என்றார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றினார். போனையும் சட்டையையும் டிரைவர் கையில் கொடுத்தார். வேட்டியை இழுத்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்.

“மாமா, முட்டி!” என்று மருமகள் கத்துவதற்குள் குதித்துவிட்டார். கிணறே எழுந்து எங்கள் முகத்தில் அறைந்தது. அவர் வெளியே வந்து தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு, என்னைச் சுற்றி ஒரு வட்டம் நீந்தினார்.

மேலேயிருந்து டிரைவர் போனையும் சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “ஏங்க, மண்ண இன்னா பண்றது? எங்க கொட்டட்டும்?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

“தென்னைக்குக் கொட்டிட்டுப் போப்பா,” என்றேன் கிணற்றுக்குள்ளிருந்து. “அடுத்த நடைக்குச் செங்கல் ஏத்திக்கினு வா. இதுக்குச் சுத்துச்சுவர் கட்டணும்.”