அர்கானா ராணியும் அடுப்புக்கரியும்

பனம்பூ குழிக்குள் புகைந்து கரியாகும் வாசனை ஒரு மாதிரி இனிப்பும் காட்டமுமாக மூக்கில் ஏறும். எழுபதுகளின் கடைசியில், கார்த்திகைக்குப் பத்து நாள் முன்பே அந்த வாசனை திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். அந்தக் கரியை இடித்துத் துணிப்பையில் அடைத்து, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் கயிற்றால் சுழற்றினால் பொறி கொட்டும். அதுதான் "மாவளி". சுற்றுவது பையன்கள், பை தைத்து, கரி அடைத்துக் கொடுப்பது அவர்களுடைய அக்கா தங்கைகள்.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் பத்து வயதில் நானே பூ பொறுக்கி, நானே சுட்டு, கை கறுக்க இடித்து ஒரு மாவளி செய்தேன். மலையில் தீபம் ஏறிய நேரத்தில் எதிர்வீட்டு சேகர் அதை என் கையிலிருந்து பிடுங்கினான். "பொட்டப் புள்ளைக்கு இன்னாடி மாவளி?" என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே கடைசிப் பொறி வரைக்கும் சுற்றித் தீர்த்தான். அழுதுகொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா, "பொறுத்தார் பூமி ஆள்வார், போய் மூஞ்சி கழுவு" என்றாள். எனக்குப் பூமி வேண்டியிருக்கவில்லை. சேகர் அழுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம்தான் அர்கானா ராணி வந்தாள், ஒரு தொடர்கதைக்குள்ளிருந்து. என் வகுப்புத் தோழி நூர்ஜஹானின் அப்பா பைண்டிங் கடை வைத்திருந்தார். யாரோ ஒருவர் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த அந்தக் கதையை அங்கே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. அதை நூர்ஜஹான் பாவாடை மடிப்பில் மறைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். மரமே இல்லாத புல்வெளி தேசம். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு குதிரைகளோடு அலையும் ஐந்து குலங்கள், ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. தகப்பனைக் கொன்று குதிரைகளை ஓட்டிப்போன எதிரியைப் பழிவாங்க, அர்கானா என்கிற பெண் அந்த ஐந்தையும் ஒன்று சேர்க்கிறாள். எல்லாக் குலத்துக் குதிரைப் பாலையும் ஒரே சட்டியில் ஊற்றி, தலைவர்கள் அத்தனை பேரையும் அதிலிருந்தே குடிக்க வைக்கிறாள். அவள் பொறுக்கவில்லை, ஆனாலும் பூமியை ஆண்டாள். நானும் நூர்ஜஹானும் அதை நாலு தடவை படித்தோம்.

சேர்ப்பதற்கு எனக்கும் குலங்கள் இருந்தன. எங்கள் தெரு, பின்தெரு, குளத்துத் தெரு மூன்றுக்கும் சேர்த்து ஒரே முனிசிபல் குழாய். குடம் வைக்கும் வரிசைக்காக அம்மாக்கள் குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள்; அதனால் பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்வதில்லை. பையன்களுக்கு அந்தப் பகையெல்லாம் இல்லை. சேகர் தலைமையில் ஒன்றாகவே மாவளி சுற்றினார்கள். அவர்கள் பைகளில் பனம்பூக் கரிக்குப் பதில் வேறு கரியை அடைத்துவிடுவதுதான் என் திட்டம்.

"ஒரே ஒருத்தன் பையில நெஜ கரி இருந்தாலும் போச்சுடி. எல்லாத் தங்கச்சியையும் சேர்த்துக்கோ" என்றாள் நூர்ஜஹான். முதலில் சேகரின் தங்கை மல்லிகாவிடம் போனேன். "அவன் என் ஜடையப் புடிச்சி இழுக்காத நாளே இல்ல, நான் வரேன்" என்றாள். மற்றவர்களுக்கும் அவரவர் வீட்டில் ஓர் அண்ணன் இருந்தான். நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் ஆளில்லாத ஒரு மத்தியானம், ஒரே சொம்பில் தண்ணீர் பிடித்து, பதினோரு பேரும் எச்சில் பார்க்காமல் வாய் வைத்துக் குடித்தோம். அம்மாக்கள் பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

பையன்கள் வழக்கம்போல் கரியை இடித்து வீட்டில் கொடுத்தார்கள். அத்தனை பைக்குள்ளும் போனது அடுப்புக்கரித் தூள். அது கனியும், பொறி விடாது. பனம்பூக் கரி முழுக்க எங்களிடம் வந்தது.

தீபம் ஏறி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே கத்தி முடிப்பதற்குள் சேகர் நடுத்தெருவில் நின்று சுற்றினான். சிவப்பாக ஒரு புள்ளி வட்டம் போட்டது, அவ்வளவுதான். மற்றவர்களுக்கும் அதே கதி. "இன்னாடா, பீடியக் கட்டிச் சுத்துறியா?" என்று அவன் அப்பாவே கேட்டார், வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் நாங்கள் சந்திலிருந்து வந்து சுற்ற ஆரம்பித்தோம். தெரு முழுக்கப் பொறி. சேகர் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். அவன் அழுததை நான் பார்த்தேன். வீட்டில் எனக்கு விழுந்த அடி அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை, இன்றுவரை நான் அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

ஆனால் எதிரி தோற்றதோடு எங்கள் கூட்டணியும் முடிந்தது. மறுநாள் காலையில் குழாயடியில் அம்மாக்கள் கட்டிப் புரள, நாங்கள் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இப்போது அந்தக் குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு மோட்டார். பனம்பூ வேண்டுமென்றால் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்த்தான் தேட வேண்டும். போன கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது சேகரைப் பார்த்தேன். மரியாதைக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. தலை நரைத்து, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இந்த ஆயா இருக்காங்களே, சின்ன வயசுல எங்க மாவளியில அடுப்புக்கரிய வச்சி எங்கள அழ வச்சாங்க" என்று அவளிடம் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து, "ஆமா, எதுக்குங்க அப்படிப் பண்ணீங்க? நாங்க உங்கள இன்னா பண்ணோம்?" என்றான்.

"அதுக்கு முந்தின வருஷம் நீங்க என் மாவளியப் புடுங்கிக்கினீங்க."

"நானா? இருக்காதுங்களே."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது ஞாபகமில்லை. இத்தனை வருஷம் நான் தீர்த்துவிட்டதாக நினைத்திருந்த பழி எனக்குள் மறுபடியும் கொதித்தது. நான் குனிந்து அந்தப் பெண்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தா புடுங்கனாரு கண்ணு. நீ ஞாபகம் வச்சிக்கோ."