யன்னலில் ஒட்டிய மீன்கள்

குண்டு வெடித்தால் கண்ணாடிச் சில்லுகள் பறக்காமலிருக்க, வெள்ளவத்தையில் எல்லோரும் யன்னல்களில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டிய காலம் அது. என் மனைவி மட்டும் டேப்பை வெட்டி மீன் மீனாக ஒட்டினாள்.

"செக்கிங்குக்கு வாறவங்கள் கண்டால் என்ன நினைப்பாங்கள்? கழட்டும்," என்றேன்.

"பெருக்கல் குறியைப் பார்த்து அலுத்துப் போச்சு. மீன் இருக்கட்டும்," என்றாள்.

மறுநாள் காலையிலேயே இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். ஒருவன் எங்கள் அடையாள அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலையே பார்த்தான்.

"பூனை எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டான்.

மனைவிதான் முதலில் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே அட்டைகளைத் திருப்பித் தந்தான்.

அவர்கள் படியிறங்கியதும் கத்தரிக்கோலைத் தேடியது நான்தான். நான் வெட்டி ஒட்டிய பூனைக்கு வால் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

அதன்பிறகும் கதவு தட்டப்படும்போதெல்லாம் பயந்தேன். ஆனாலும், வந்தது அவனாக இருந்தால் பூனையைக் காட்டலாமே என்றும் நினைத்தேன்.