முந்திப் பாடும் குரல்

"பட்டுச்சீலையை வெளியில எடு பிள்ளை, அது கதைக்கும்" என்றார் அம்மா.

கூறைச்சேலையை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டேன். பட்டு உரசுவது ஒலிவாங்கியில் விழும். நூற்சேலை சத்தத்தைக் குடித்துவிடும். இரண்டு கதவுகளையும் விரித்து, நூற்சேலைகளை நெருக்கித் தொங்கவிட்டோம். நடுவில் ஒரு தலை நுழையும் இடம். உள்ளே ஒலிவாங்கி. நானும் அவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை இது. அன்று மாலையே நான் கொழும்புக்குப் பேருந்து ஏறிவிட்டேன்.

அம்மாவை, லலிதாம்பிகை ரீச்சரை, எங்கள் ஊர் நாரந்தனையில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அதன்பின் அவர் முழுநேரமாகச் செய்தது கல்வெட்டுப் பாடுவது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பிறப்பு, பிள்ளைகள், குணம், இறந்த திதி எல்லாவற்றையும் பாட்டாக்கி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் படிப்பார்கள். அதுதான் கல்வெட்டு. இப்போது பிள்ளைகள் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அங்கே படிக்க ஆளில்லை. அம்மா மடிக்கணினியில் பாடிப் பதிந்து, பின்னால் சுருதி சேர்த்து அனுப்பிவைப்பார்.

பாடுமுன் மின்விசிறியை நிறுத்துவார். கோழிகளை வளவின் மறுகோடிக்குத் துரத்துவார். பக்கத்து வீட்டு அஜந்தாக்காவிடம் வேலிக்கு மேலால், "கொஞ்சம் மோட்டர் போடாதையும்" என்பார். பிறகு சேலைகளுக்குள் தலையை விட்டு, உள்ளே யாரோ இருப்பதுபோல, "சரி ஐயா, துவங்குவம்" என்பார். இறந்தவர் பெண் என்றால், "வாங்கோ அக்கா."

"லலிதாக்கா அலுமாரிக்குள்ள தலையை விட்டிட்டா. ஆரோ மோசம்போயிட்டினம்" என்பது அஜந்தாக்காவின் பகிடி.

"உமக்கும் பாடுவன், பயப்பிடாதையும்" என்பது அம்மாவின் பதில்.

பாடுவதைவிட அவருக்குப் பிடித்தது காத்திருப்பது. அந்த இசை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வருகிறது என்று அறிவித்தல் வந்தால், பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்ப்பதுபோல, என்னென்ன பிழை திருத்தியிருக்கிறார்கள் என்று ஒரு வரி விடாமல் வாசிப்பார். கடல் பக்க யன்னலில்தான் சிக்னல் எடுக்கும். அங்கே கணினியை வைத்து, கதிரையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவால் போகிறவர்களுக்கும் செய்தி சொல்வார்: "ஊருது, ஊருது."

முழுதாக இறங்கினாலும் உடனே நிறுவமாட்டார். அட்டமி, நவமி, செவ்வாய் கழிய வேண்டும்.

"பொத்தானை அமத்திறதுக்கும் நாள் பாக்கிறியளோ அம்மா?"

"வீடு இடிச்சுக் கட்டுறதுக்குப் பாக்கிறேல்லையோ? இதுக்குள்ளையும் ஆக்கள் இருக்கினம்."

மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். சிரித்தேன்.

ஆடியில் வந்த பதிப்பில்தான் அது தொடங்கியது. பதிந்ததைப் போட்டுக் கேட்டால், அம்மாவின் குரலுக்கு ஒரு கணம் முன்னால் இன்னொரு குரல் மெல்லியதாக அதே அடியைப் பாடியது. தொலைபேசியில் எனக்கும் போட்டுக் காட்டினார். காரணம் சொன்னேன். குரல் கணினிக்குள் போய்ப் பதிவாகச் சிறிது தாமதம் ஆகும். அதை ஈடுசெய்ய மென்பொருள் பதிவைக் கொஞ்சம் முன்னே நகர்த்தும். கணக்குப் பிழைத்து, ஒரு பிரதி அதிகம் முந்திவிடுகிறது. அது அவருடைய குரலேதான்.

"என்ர குரல்தான். இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார். "ஆனா நான் மூச்சு எடுக்கிற இடத்தில அது எடுக்கேல்லை பிள்ளை."

கேட்டுப் பார்த்தேன். உண்மை. அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அம்மாவிடம் இருந்தது. முன்பு அந்தியேட்டி வீடுகளில் ஒருவர் கல்வெட்டுப் புத்தகத்தைப் பார்த்து அடி எடுத்துக் கொடுக்க, அம்மா அதை வாங்கி இராகத்தில் பாடுவார். "அப்பிடித்தான் இதுவும். தங்கட கதையைத் தாங்களே எடுத்துக் குடுக்கினம். நான் பின்னால போறன்." கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

சிவகுமரனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் அம்மாவிடம் படித்தவர், இப்போது சூரிச்சில் இருக்கிறார். மடத்துவெளியில் இறந்த தன் தகப்பன் இரத்தினசபாபதிக்குக் கல்வெட்டுக் கேட்டிருந்தார். முதற் பகுதியைக் கேட்டுவிட்டு அழைத்தார்.

"ரீச்சர், ஆரோ கூடப் பாடினம். எங்கட அம்மா கேட்டுட்டு நித்திரையில்லாமல் கிடக்கிறா. அந்தியேட்டிக்கு முன்னம் ஒரு குரலாத் தாங்கோ."

அம்மா நிறுவனத்துக்கு எழுதினார். அடுத்த பதிப்பில் சரியாகும் என்று பதில் வந்தது. அந்தியேட்டி நெருங்கியது. பதிப்பு வரவில்லை. இந்த முறை அம்மா காத்திருந்தது வேறு மாதிரி. தெருவில் போகிறவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"புதுசு போட்டா அந்த ஐயா போயிடுவாரோ?" என்று என்னைக் கேட்டார்.

"பிழை போயிடும் அம்மா."

"அதைத்தான் கேக்கிறன்."

அந்தக் கல்வெட்டின் மற்றப் பாட்டுகளையெல்லாம் அம்மா பாடிவிட்டார். திதி வெண்பாவை மட்டும் விட்டுவைத்தார். இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் சொல்லும் பாட்டு அது. அதில் குழப்பம் கூடாது, புதிய பதிப்பில் ஒரே குரலாகப் பாடுகிறேன் என்றார்.

பதிப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கோடு ஊரத் தொடங்கியதும் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். தண்ணீர் வற்றிக் கேத்தில் கருகும் மணம் வேலிக்கு அப்பால் போய், அஜந்தாக்கா ஓடி வந்தார். மாரடைப்பு என்றார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று படையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அஜந்தாக்கா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: "லலிதாக்காவுக்கு ஆர் பாடுறது?"

மறுநாள் சிவகுமரன் எடுத்தார். முதலில் அழுதார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தங்கச்சி, வாற புதன் அந்தியேட்டி. திதி வெண்பா இல்லாமல் அப்பாவை எப்பிடி அனுப்புறது? நீங்களெண்டாலும் பாடித் தாங்கோவன்."

"எனக்கு ராகம் ஏலாது அண்ணை."

"ரீச்சரின்ர பிள்ளைக்கு ஏலாதோ?"

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கணினி யன்னலடியில் அப்படியே இருந்தது. திரையின் மூலையில் ஒரு கேள்வி நின்றது: இப்போது நிறுவவா, பிறகா? நிறுவினால் பிழை போகும். சிவகுமரன் கேட்ட ஒரே குரல் கிடைக்கும்.

நிறுவுமுன் ஒருமுறை கேட்கலாம் என்று காதுக்கருவியை மாட்டினேன். முந்திய குரல், பிறகு அம்மா. முந்திய குரல், பிறகு அம்மா. அவர் பாடிவைத்த கடைசிப் பாட்டு முடிந்தது. அதற்குப் பின் திரையில் அலை இல்லை, நேர்கோடு மட்டும். நிறுத்தக் கை போனது.

"ஆண்டு விசுவா வசுவில் அணிசேரும்…"

அம்மாவின் குரல். மெல்லியது, மூச்சு இல்லாதது. திதி வெண்பாவின் முதலடி.

மூலம் இல்லாமல் பிரதி வராது. பின்னே நகர்த்தி மறுபடி போட்டேன். அதே நேர்கோடு, அதே அடி. அடி முடிந்ததும் இன்னொருவர் அதை வாங்கிப் பாடும் அளவுக்கு வெளி. அந்த வெளியில் இரைச்சல்கூட இல்லை. அதன்பின் குரல் மேலே போகவில்லை.

'பிறகு' என்பதை அழுத்தினேன். பதிவைத் தொடக்கி, இராகம் இல்லாமல், அந்த அடியைத் திருப்பிச் சொன்னேன். பிறகு அடுத்த அடிக்காகக் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.