திரும்பிய முகத்தைத் தப்பாகப் படித்தேன்

இன்று ஊருக்குப் போகக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். மீஞ்சூர் தாண்டியதும் எதிரில் இருந்தவர் கேட்டார்.

"போன மாசம் வீடியோ கால்ல என்னை இன்டர்வியூ பண்ணது நீங்கதானே சார்?"

நானேதான். அன்று நான் கேட்ட புரோகிராமை எல்லாம் சரியாக எழுதினார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். இன்னொரு திரையில் விடையைப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, பாதியிலேயே நிராகரித்துவிட்டேன்.

"இப்ப எங்க வேலை?" என்றேன். ரயில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அதேபோல முகத்தைத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார்.

"இன்னா சார் கேட்டீங்க? எடது காது சின்ன வயசுலேர்ந்தே கேக்காது."

வலது காதருகே குனிந்தேன். மறுபடி கேட்டேன்.

"இன்டர்வியூல சொன்ன அதே பேக்டரிலதான் கீறேன் சார். ஷிப்ட் முடிஞ்சி ஊட்ல படிச்சிக்கினு கீறேன். எதுல கோட்ட உட்டேன்னு சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பிராக்டிஸ் பத்தல" என்றேன்.

"எந்த டாபிக் சார்?"

வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன். போனில் கவனமாகக் குறித்துக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லி இறங்கிப்போனார்.

உடனே எச்.ஆருக்கு போன் போட்டேன். "காப்பியடிச்சார்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? இனி அவரைக் கூப்பிட முடியாது" என்றார்கள்.

உங்கள் கம்பெனியில் ஆள் எடுத்தால் கமெண்டில் சொல்லுங்கள். இன்டர்வியூ எடுப்பது நானாக இல்லாதவரை அவர் தேறிவிடுவார்.