மூட்டை இல்லாத புளி

"செவ்வாய், காலை பத்தேகால்: டெஸ்ட் தோல்வி. பத்தரை: பாஸ். நிரலில் மாற்றமில்லை." இது என் நோட்டுக் குறிப்பு. ஜவ்வாது மலை வீட்டிலிருந்து புளிக் கொள்முதல் மென்பொருளைச் சோதித்துவந்தேன்.

"உங்க மலைல கரண்டே நிக்காது, டெஸ்ட் எப்டி நிக்கும்? வெள்ளிக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்," என்றார் வேலூர் அலுவலக மேலாளர், போனில்.

தோல்விகளை மட்டும் நோட்டிலிருந்து பிரித்தெடுத்தேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் டெஸ்ட் மூட்டை எண்ணிக்கையைத் தானாக ஏதோ ஒன்றாகப் பொறுக்கும்; அது பூஜ்ஜியமானபோதெல்லாம் நிரல் எடையை அதால் வகுத்து, எண்ணாகவே இல்லாத விடையைத் தந்திருந்தது.

"மூட்ட இல்லாம எவன் புளி எடுத்தாருவான்? டெஸ்ட்லேந்து பூஜ்ஜியத்தத் தூக்கு," என்றார் மேலாளர்.

"இங்க கூடைலதாங்க எடுத்தாருவாங்க. தப்பு டெஸ்ட்ல இல்ல, உங்க கணக்குல."

மூட்டை இல்லையென்றால் வகுக்காதபடி நிரலைத் திருத்தினேன். வியாழன் முழுக்க ஓட்டியும் டெஸ்ட் தவறவில்லை. வேலை தப்பியது, நன்றி வரவில்லை. அந்த வகுத்தலை எழுதியவரே மேலாளர்தான் என்கிறார் சக ஊழியர் ஒருவர். அதை இன்னும் உறுதிசெய்யவில்லை.