மூன்றாவது குழாய்

வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தன இரண்டு கைகள். வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டாயிற்று. அடியில் கட்டி எதுவும் தங்கவில்லை என்று விரல்களால் தடவிப் பார்த்த பிறகுதான் வாளி நகர்ந்தது.

"இன்னா அன்பு, கேசரி கிண்டிக்கினு கீற? முந்திரி போட்டியா?" என்றார் தணிகாசலம்.

"உனக்கு இல்ல மாமா. இது கக்கூஸ் லைனுக்கு."

அன்புக்கரசி வாளியைத் தூக்கிப்போய்த் தொட்டியில் ஊற்றினாள். தணிகாசலம் அவள் அம்மாவின் தம்பி. அவள் வரைந்த வழியில் குழாய் பதித்தது அவருடைய ஆட்கள்தான்.

திருவான்மியூரைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் கட்டியிருக்கும் குட்டி ஊர் அது. விடுதிகள், ஆசிரியர் வீடுகள், வாசலில் மளிகை, மருந்துக்கடை, டீக்கடை. திங்கட்கிழமை குடும்பங்கள் குடிவருகின்றன. அதற்கு முன் தண்ணீரை ஒப்படைக்க வேண்டும்.

குடிக்க, சமைக்க ஒரு குழாய். குளிக்க, துவைக்க ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீருக்கு இன்னொன்று. விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிவறைக்கும் செடிகளுக்கும் திருப்பி அனுப்புவது மூன்றாவது. அது மற்ற இரண்டோடும் எங்கேயும் சேரக்கூடாது.

அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம் அன்புக்கரசியுடையது. பிளஸ் டூ முடித்ததும் மயிலாப்பூரில் ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டர் கடையில் பில் போடப் போனாள். அங்கே சுருட்டிக் கிடந்த வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோடும் எந்தச் சுவருக்குள் நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று கட்டடத்துக்கே போய்ப் பார்ப்பாள். தாளில் ஒரு கோடு தப்பினால் சுவரில் கடப்பாரை இறங்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். கம்ப்யூட்டரில் வரைவது பிறகு வந்தது. இப்போது தி. நகரில், தண்ணீர்த் திட்டம் போடும் அலுவலகத்தில் வேலை.

இந்தத் திட்டத்தில் கணக்குப் போட்டது இன்ஜினியர் வர்ஷினி, குழாய் போகும் வழியை வரைந்தது அன்புக்கரசி. விடுதி குளித்து முடிக்கும் நேரத்தில்தான் கடைகள் சூடுபிடிக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்காது, தொட்டியைச் சின்னதாக்கலாம் என்றாள் வர்ஷினி. "நாளைக்கு தண்ணி வராதுன்னு ஒருத்தர் சொன்னா போதும், மொத்த ஊரும் ஒரே நேரத்துல பக்கெட்ட வச்சிடும்மா," என்றாள் அன்புக்கரசி. தொட்டி பெரிதாகவே இருந்தது. தரைத்தொட்டியின் மூடியைத் தரைமட்டத்தில் அன்புக்கரசி வரைந்தபோது, "அக்கா, நான் வேளச்சேரி. வெள்ளத்துல எங்க சம்ப்புக்குள்ள சாக்கடையே இறங்கிடுச்சு," என்று வர்ஷினி தடுத்தாள். மூடி இடுப்புயரத்துக்கு ஏறியது. வரைபடத்தின் மூலையில் இருவர் பெயரும் இருந்தன. அன்புக்கரசியின் பெயர் அந்த இடத்தில் வருவது இதுவே முதல் தடவை.

நல்ல தண்ணீர், போர் தண்ணீர் இரண்டு குழாய்களையும் அடைத்து, உள்ளே இருந்ததை வடித்தார்கள். பிறகு மூன்றாவது குழாயில் மட்டும் சாயத் தண்ணீரைப் பம்ப் செய்தார்கள். இப்போது சமையலறை, குளியலறைக் குழாய்களைத் திறந்தால் வெறும் காற்றுதான் வர வேண்டும். அன்புக்கரசி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். விடுதியில் காற்று. ஆசிரியர் வீடுகளிலும் காற்று. கடைசியாக டீக்கடை. குழாய் இரண்டு முறை செருமியது. பிறகு ஆரஞ்சு நிறத்தில் சொட்டத் தொடங்கியது.

அவள் குழாயை மூடவில்லை. சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இங்க இன்னா பண்ண?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "பக்கத்து லைன்லேந்து ஒரு பைபாஸ் வுட்டேன். நடுவுல வால்வு போட்டு மூடித்தான் கீது."

"யார் கேட்டா?"

"யார் கேக்கணும்? மெட்ரோ தண்ணி வரலன்னா போர், போர் காஞ்சா மெட்ரோ. ரெண்டு லைன் பக்கத்துல போனா ஒரு வால்வு வச்சு சேத்துடுவோம். ஊரு பூரா அப்டித்தான் வச்சுக்கீறோம். மே மாசம் கடைக்காரன் தண்ணி இல்லாம நிப்பானேன்னு பாத்தேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. கோடையில் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றிய வழக்கம் அது. இங்கே பக்கத்தில் ஓடுவது எந்தத் தண்ணீர் என்பதுதான் அவர் கைக்கு நினைவில்லை.

"வால்வு கைப்பிடிய கழட்டிட்டு, நல்லா டைட் பண்ணிடறேன். மேல டைல்ஸ் நேத்துதான் ஒட்டுனானுங்க. ஒடச்சா மேஸ்திரி என் குடுமிய புடிப்பான்."

"உனக்கு ஏது குடுமி? இருக்கறதே நாலு முடி." அவள் சிரிக்கவில்லை. "இப்பவே கசியுது. நாளைக்கு வால்வு தேஞ்சா? இதுலதான் டீ போடுவாங்க. அறுத்துடு மாமா. மேஸ்திரி கேட்டா என் பேரச் சொல்லு."

வர்ஷினிக்குப் போன் செய்தாள். "ஒப்படைக்கறது தள்ளிப்போனா போகட்டும் அக்கா, ஒடைங்க. மேல நான் பேசிக்கறேன்," என்றாள் வர்ஷினி.

தணிகாசலம் ஆட்களை விடவில்லை. தானே டைல்ஸைப் பெயர்த்தார், தானே மண்ணைத் தோண்டினார். வால்வோடு சேர்த்து இணைப்பை அறுத்தெடுத்து, இரு முனைகளையும் மூடி ஒட்டினார். ஒட்டு காய்ந்ததும் கடைக்குழாயை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடித்தார்கள். மறுபடி சாயம், மறுபடி ஒவ்வொரு குழாயும். டீக்கடைக் குழாய் செருமியது. காற்று வந்தது. அவள் உள்ளங்கையை அடியில் நீட்டி நின்றாள். கை ஈரமாகவே இல்லை.

"இப்ப சிரிக்கலாமில்ல?" என்றார் தணிகாசலம்.

சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை, முதல் வேன் கட்டிலும் பீரோவுமாக உள்ளே நுழைந்தபோது, வளாகத்தின் தண்ணீர்ப் பொறுப்பாளரான கைசர் ஜஹான் என்ற பெண்மணி டீக்கடை முன்னால் காத்திருந்தார். கடைக்குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். "மொதல்ல நீ குடிம்மா. அப்புறம் நான் வாங்கிக்கறேன்."

அன்புக்கரசி ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். வரைபடத்தையும் வால்வுச் சாவிகளையும் அவர் கையில் கொடுத்தாள். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். வால்வோடு அறுத்தெடுத்த குழாய்த் துண்டு. உள்ளே ஆரஞ்சுக் கறை காய்ந்திருந்தது.

"இது எதுக்கும்மா?"

"பம்ப் ரூம்ல மாட்டி வைங்க. அடுத்து எந்த பிளம்பர் வந்தாலும் மொதல்ல இதக் காட்டிட்டு அப்புறம் சாவியக் குடுங்க."

"யார் போட்டதுன்னு கேட்டா?"

"என் பேரச் சொல்லும்மா," என்றார் பக்கத்தில் நின்றிருந்த தணிகாசலம். "அறுத்தவனும் நான்தான்னு சேத்துச் சொல்லு."

கைசர் ஜஹான் துண்டை வாங்கிச் சாவிகளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.